விற்காதவருக்கும் பாதிப்பு உண்டு

“பக்கத்து நிலம் மனையானால் விற்றவருக்குத்தான் விவசாயம் போகும், விற்காதவர் வழக்கம்போல் பயிர் செய்யலாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பத்திரத்தில் பார்த்தால் சரி. வயலில் நடப்பது வேறு.

வாய்க்கால் பாசனத்தில் பல இடங்களில் ஒரு வயலைத் தாண்டித்தான் அடுத்த வயலுக்குத் தண்ணீர் போகும். நடுவில் ஒருவர் மண்ணைக் கொட்டி மேடாக்கினால், கீழே இருப்பவருக்குத் தண்ணீர் வராது. மேலே இருப்பவருக்கு மழைநீர் வடியாது, நாற்று அழுகும். முன்பு பத்துப் பேர் சேர்ந்து தூர்வாரிய வாய்க்காலை மூன்று பேர் வாரவேண்டும். எலியும் பறவையும் மிச்சமிருக்கும் அந்த ஒரே பச்சைத் துண்டுக்குத்தான் வரும். அறுவடை இயந்திரத்துக்கு வழி இருக்காது. இருந்தாலும் அரை ஏக்கருக்காக யார் வருவார்?

உலகப் பண்ணைகளில் ஐந்தில் நான்குக்கு மேல் 2 ஹெக்டேருக்கும் சிறியவை. இப்படிச் சிறு நிலத்தில் வாய்க்காலை நம்பிப் பயிர் செய்கிறவருக்கு, ஒரு மடை அடைபட்டால் மொத்த விளைச்சலும் போய்விடலாம்.

அப்புறம், நில விலை ஏறுவது எல்லோருக்கும் லாபம் என்பதும் தவறு. குத்தகைக்கு உழுகிறவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. விலை ஏறும் என்று தெரிந்ததும் பல உரிமையாளர்கள் குத்தகையைப் புதுப்பிக்காமல் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடுவார்கள்.

நகரம் நெருங்கினால் காய்கறி, பூ போடுகிறவருக்குச் சந்தை கிட்டத்தில் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குச் சொந்தக் கிணறு வேண்டும். சுற்றிலும் வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு இறங்கினால் அதுவும் எத்தனை நாள் தாங்கும்?