பீலி

யாழ்ப்பாணத்தில் எங்கள் அலுவலகத்தில் போன வருடம் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி, மலையகத் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த தலவாக்கலைப் பக்கத்தவள். மாரி மழை கொட்டிய ஒரு நாள், கூரையில் மழைநீர் ஓடும் பீலி அடைத்துத் தண்ணீர் சுவரில் வழிந்தது. "பீலி அடைத்துவிட்டது" என்றேன். அவள் முற்றத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கே பீலி எங்கே இருக்கிறது அக்கா?" என்று கேட்டாள். அவர்கள் ஊரில் பீலி என்பது மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் இடம். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் பெண்கள் குளிப்பது, துவைப்பது, குடம் நிறைப்பது, சண்டை பிடிப்பது எல்லாம் அங்கேதான். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு நம் பேச்சின் மேல் உள்ள பெருமை கொஞ்சமல்ல. இதுவுக்கும் அதுவுக்கும் நடுவே 'உது'வைக் கைவிடாமல் வைத்திருக்கிறோம் என்று தமிழ்நாட்டு நண்பர்களிடம் எத்தனை முறை அளந்திருப்பேன்! நம் பேச்சை ஆராயப் பேராசிரியர் சுசீந்திரராசா போன்றவர்கள் வாய்த்தார்கள். மலையகத்துப் பிள்ளை வாய் திறந்தால் மட்டும் அது 'தோட்டக்காட்டுக் கதை'.

அன்றைக்குப் பிறகு அவளிடம் சொல் கேட்கத் தொடங்கினேன். பெரட்டு: விடியலில் ஆட்களை நிறுத்திப் பெயர் எடுத்து வேலை பிரிப்பது. ஆங்கிலப் பரேட்தான் தோட்டத்து வாயில் இப்படித் தமிழாகியிருக்கிறது. கொந்தரப்பு என்கிற ஒப்பந்த வேலை, கவ்வாத்து என்கிற செடி வெட்டு, கைக்காசு என்கிற கையில் காசு வாங்கும் வேலை என்று வந்துகொண்டே இருந்தன. எனக்குப் பிடித்தது மட்டக்கம்பு. தேயிலைச் செடிகளின் மேல் கிடத்தி, அதற்கு மேலே நீட்டிய கொழுந்தை மட்டும் பறிப்பதற்கான நீளக் கம்பு. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய் நாம் படம் எடுக்கிறோமே, மேசை விரிப்புப் போன்ற அந்தச் சரிவு, அதன் சூட்சுமம் இந்தக் கம்பில் இருக்கிறது.

நீலகிரியில் ஆயிரத்துச் சொச்சம் பேர் பேசும் தோடா மொழிக்கு, கனடாவில் பிறந்த மொழியியலாளர் எமெனோ 1930களில் வந்து காது கொடுத்தார். மலையகத்துக்கு அப்படி ஒருவர் கடல் கடந்து வரவேண்டியதில்லை. 1947இல் நாடாளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளையே தம் மக்களின் பாடல்களைத் தொகுத்தார். ஆனால் பாடலுக்குக் கிடைத்த மரியாதை அன்றாடப் பேச்சுக்குக் கிடைக்கவில்லை. இளையவர்கள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். கலவரங்களுக்குத் தப்பிக் கிளிநொச்சியில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நம்மைப் போலப் பேசப் பழகிவிட்டார்கள். பழகாவிட்டால் நாம் சிரிப்போம் என்று அவர்களுக்குத் தெரியும். ஒலிப்பதிவுக் கருவி, அகராதித் திட்டம் எல்லாம் பிறகு பார்க்கலாம். சிரிக்கிறவர் முன்னால் யார் பேசுவார்கள்?

போன மாதம் அவள் ஊருக்குப் போனபோது, அம்மாயியின், அதாவது பாட்டியின், பேச்சைக் கைபேசியில் பதிந்து அனுப்பச் சொன்னேன். பதிவைக் கேட்டபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. யாழ்ப்பாணத்து ஆள் கேட்கப் போகிறார் என்று தெரிந்து, வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லையும் திருத்தித் திருத்திப் பேசியிருந்தார். மூன்றாம் நிமிடத்தில் பக்கத்து லயத்துப் பெண் வந்து, பீலியடியில் யாரோ குடத்தை மாற்றி எடுத்துப் போனதாகச் சொல்ல, அம்மாயி கைபேசியை மறந்துவிட்டார். அதன் பிறகு வந்த நாற்பது விநாடியை, அவரிடம் கேட்டுக்கொண்டு, தனியே வெட்டி வைத்திருக்கிறேன்.