வண்டிக்குப் பின்னால் வண்டி: மோட்டார்ஹோம் வைத்திருக்கும் விமானப் பிரியர்களுக்கு

சென்ற ஈஸ்டர் வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் திருவிழாவுக்குப் போய்வந்து, மறுநாள் விடியற்காலையில் மூன்று குடும்பங்கள் வீட்டு வசதியுள்ள மூன்று மோட்டார்ஹோம் வண்டிகளில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்துக்குப் புறப்பட்டோம். என் வண்டிக்குப் பின்னால் நான்கு சக்கர டிரெய்லர் ஒன்று, அதன்மேல் எங்கள் சின்னக் கார். மூயி ரிவர் அருகே எரிபொருள் போட நிறுத்தியபோது, எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர் தேநீர்க் கோப்பையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். விமானப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒவ்வொரு சக்கரத்தருகிலும் குனிந்து, புறங்கையை அதன் நடுவிலுள்ள குடத்தின்மேல் (ஹப்) வைத்து எடுத்தார். டிரெய்லரின் வலது பின்சக்கரத்தில் வைத்த கையை மட்டும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“தம்பி, வண்டிய எடுக்காத. இதத் தொட்டுப் பாரு.”

“வெயில்ல சுட்டிருக்கும் அண்ணா.”

“மத்த மூணும் அதே வெயில்லதான் நிக்குது.”

குடத்தின் மூடியைக் கழற்றியபோது உள்ளே இருந்த கிரீஸ் கருகி, அடிப்பிடித்த பாகு போல இருந்தது. முந்தின மாதம்தான் அந்த டிரெய்லரைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்து வாங்கியிருந்தேன். நான்கு சக்கரங்களும் உராயாமல் சுழல உதவும் பேரிங்குகளுக்கும் புதிதாகக் கிரீஸ் வைத்ததாக ரசீதில் எழுதியிருந்தார்கள், பணமும் வாங்கியிருந்தார்கள். ரசீதை நம்பிய நான் கையால் தொட்டுப் பார்க்கவில்லை. இன்னும் சற்றுத் தூரம் ஓடியிருந்தால் பேரிங் இறுகிச் சக்கரம் கழன்றிருக்கும். எங்களுக்குப் பின்னால் வந்த வண்டியில் என் தங்கையின் பிள்ளைகள் இருந்தார்கள்.

அந்தப் புறங்கைப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. எங்கள் மோட்டார்ஹோம் நண்பர்களில் பலர் விமானப் பைத்தியங்கள். சிலர் டர்பனின் வர்ஜினியா விமானத் திடலிலிருந்து சிறு விமானம் ஓட்டியவர்கள், சிலர் இன்றும் ஓட்டுகிறார்கள். விமானத்தில் ஏறுவதற்கு முன் இறக்கையின் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பவர்கள், எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று தொட்டியின் அடியிலிருந்து சிறிது வடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர்கள், இத்தனை கவனமான மனிதர்கள், மோட்டார்ஹோமுக்குப் பின்னால் காரை மாட்டும்போது மட்டும் “கொக்கி மாட்டியாச்சு, கிளம்பலாம்” என்று ஏறி உட்கார்ந்துவிடுவது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. வானத்தில் தேவைப்படும் ஒழுங்கு தரையில் தேவையில்லை என்று நாம் எப்படியோ நம்பிவிட்டோம். பின்னால் ஒரு வண்டியை இழுக்கத் தொடங்கிய கணத்திலிருந்து அந்த நம்பிக்கை ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் எடை. நான்கு இருக்கைகள் உள்ள சிறு விமானத்தில், தொட்டி நிறைய எரிபொருளும் வளர்ந்தவர்கள் நால்வரும் ஒருசேரப் போக முடியாத நிலை சாதாரணமாக வரும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். அதனால் அவர்கள் ஆளையும் பெட்டியையும் எரிபொருளையும் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே புறப்படுகிறார்கள். டர்பனில் கடல் மட்டத்தில் எளிதாக எழும்பும் அதே விமானம், ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில், கோடை நண்பகலில், காற்று மெலிந்திருப்பதால் ஓடுபாதையில் நெடுந்தூரம் ஓடித்தான் எழும்பும் என்பதையும் அவர்கள் கணக்கில் வைக்கிறார்கள். மோட்டார்ஹோமுக்கு அப்படி யார் கணக்குப் போடுகிறோம்? கரும்பு லாரிகளை நிறுத்தும் எடைமேடை ஒன்றில், தெரிந்தவர் ஒருவரின் தயவால், என் வண்டியை ஒருமுறை ஏற்றிப் பார்த்தேன். பதிவுத் தாளின்படி அதன் மொத்த எடை 4,000 கிலோவைத் தாண்டக் கூடாது. முள் காட்டியது 4,260. தண்ணீர்த் தொட்டியில் 100 லிட்டர் என்றால் 100 கிலோ என்பதைக்கூட நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. அரிசி மூட்டை, எரிவாயு உருளைகள், மடக்கு நாற்காலிகள் எல்லாம் அதற்கு மேல். டிரெய்லரும் காரும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

எடையைவிட எனக்கு அச்சம் தருவது எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். விமானத்தின் ஈர்ப்பு மையம், அதாவது எடை முழுவதும் சமன்படும் புள்ளி, அதற்கென வகுத்த எல்லைக்குப் பின்னால் போய்விட்டால், மூக்கு தானாகவே மேலே தூக்கும், விமானி எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் அதை அடக்குவது கடினம். டிரெய்லருக்கும் இதே விதிதான். காரை டிரெய்லர் மேடையில் பின்தள்ளி நிறுத்தினால் இழுவைக் கொக்கியின்மேல் விழும் அழுத்தம் குறைந்து, வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்பு போல வளையத் தொடங்கும். ஒரு பெரிய லாரி கடந்து போகும் காற்றோ சாலையின் ஒரு பள்ளமோ போதும். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவு கொக்கியின்மேல் இறங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதோடு கொக்கி தாங்கக்கூடிய அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் காரை ஒரு சாண் முன்னே நகர்த்துவதா பின்னே நகர்த்துவதா என்று நான் அரை மணி நேரம் செலவிடுகிறேன், என் மனைவி பொறுத்துக்கொள்கிறாள். டிரெய்லர் இப்படி வளையத் தொடங்கிவிட்டால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிப்பதும் பிரேக்கை அழுத்தி மிதிப்பதும் நிலைமையை மோசமாக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வண்டி தானாக வேகம் குறையும்வரை பொறுத்திருக்க வேண்டும். இதையும் விமானிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பதற்றத்தில் கட்டுப்பாட்டுக் கோலைப் பிடித்து இழுக்காதே என்றுதான் அவர்களுக்கு முதல் நாளிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

டிரெய்லர் வேண்டாம், காரின் நான்கு சக்கரங்களும் தரையில் உருள அப்படியே இழுத்துப் போகிறேன் என்பவர்கள் காரின் கையேட்டைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும். பல ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் கியர்பெட்டிக்குள் எண்ணெய் சுழலும். எஞ்சினை அணைத்துவிட்டு நூறு கிலோமீட்டர் இழுத்தால் அந்தக் கியர்பெட்டி வெந்துபோகும். உரிமத்தையும் எடுத்துப் பாருங்கள். 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுக்க, 3,500 கிலோ வரையுள்ள வண்டிக்கு ஈபி, அதற்கு மேல் 16,000 கிலோ வரைக்கும் ஈசி1 உரிமம் தேவை. காரை ஏற்றிய டிரெய்லர் எதுவும் 750 கிலோவுக்குள் அடங்காது.

இறக்கத்தைப் பற்றி நட்டால் மண்ணில் பிறந்தவர்களிடம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2013இல் பைன்டவுனுக்கு அருகே ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்த லாரி ஒன்று மினிபஸ் டாக்சிகளின்மேல் மோதி இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற நாளை எங்களில் யாரும் மறக்கவில்லை. வான் ரீனன் கணவாயில் இறங்கும்போது முன்னால் இருக்கும் வண்டியைப் பின்னால் இருக்கும் எடை தள்ளிக்கொண்டே வரும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், நடுவில் அல்ல.

நம் நண்பர்கள் இதற்குச் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும். ஓய்வுக் காலத்தில் விடுதலைக்காக வாங்கிய வண்டி, அதிலும் பட்டியல் போட்டுச் சரிபார்க்கச் சொன்னால் மகிழ்ச்சி எங்கே இருக்கும் என்கிறார்கள். விடுதலை என்ற அந்தச் சொல்லை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. நான் டர்பனில் இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவன். டர்பனின் பழைய விமான நிலையம் அப்போது ரீயூனியன் என்ற பகுதியில் இருந்தது. ஞாயிறு மாலைகளில் அப்பா என்னைத் தோளில் ஏற்றி வேலியோரம் நிறுத்துவார், ஜெட் விமானங்கள் தலைக்குமேல் இறங்கும். விமானி இருக்கை எங்கள் பிள்ளைகளுக்குக் கனவிலும் எட்டாத காலம் அது. 1953இல் வந்து 1990இல் நீக்கப்பட்ட தனி வசதிகள் என்ற இனப்பாகுபாட்டுச் சட்டத்தின் காலத்தில் நல்ல கடற்கரைகளும் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று பலகை வைத்திருந்தன. ஆகவே 52 வயதில் முதன்முதலாகத் தனியாக விமானம் ஓட்டி இறங்கிய நாளிலும், விரும்பிய இடத்தில் வண்டியை நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்ட முதல் இரவிலும் எனக்குள் எழுந்த உணர்வு ஒன்றேதான். ஜான் வெஸ்டனைப் பற்றிப் படித்தபோதும் அதையே உணர்ந்தேன். 1911இல் தென்னாப்பிரிக்க வானூர்திச் சங்கத்தைத் தொடங்கிய அந்த முன்னோடி விமானி, பிற்பாடு லாரியின் அடிச்சட்டத்தின்மேல் வீடு கட்டி, மனைவி மக்களோடு ஆப்பிரிக்காவைச் சுற்றியவர். 1950இல் அவர் மறைந்தது நாங்கள் ஈஸ்டருக்குப் போன அதே மலையடிவாரத்தில், பெர்க்வில் பக்கத்தில். இந்த இரண்டு ஆசைகளும் ஒரே மனதில் குடியிருப்பது இன்று நேற்று தொடங்கியதல்ல. மாலையில் முகாமில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு சிறு எஞ்சின் ஒலி கேட்டால் எத்தனை தலைகள் நிமிர்கின்றன என்று பாருங்கள். அன்று புறங்கை வைத்துப் பார்த்த எங்கள் அண்ணாவோ நிமிராமலேயே என்ன எஞ்சின் என்று சொல்லிவிடுவார்.

கண்பார்வை காரணமாக மருத்துவச் சான்று கிடைக்காமல் அவர் விமானம் ஓட்டுவதை நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் சுற்றி வருவதை நிறுத்தவில்லை. எப்போதும் இடப்பக்கம் தொடங்கி, கொக்கி, பூட்டு ஊசி, பாதுகாப்புச் சங்கிலி, வண்டி கழன்றால் டிரெய்லர் பிரேக்கைத் தானே பிடிக்கவைக்கும் கம்பி, விளக்குகள், டயர்கள், குடங்கள் என்று வரிசை மாறாமல் தொட்டுக்கொண்டே வருவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லிவிட்டு, மறுபடியும் கொக்கியிலிருந்து தொடங்குவார்.

ஜூலைப் பள்ளி விடுமுறையில் மீண்டும் போகிறோம். புறப்படும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எடைமேடையில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். தண்ணீரையும் சாமான்களையும் ஏற்றி, டிரெய்லரை மாட்டி, பயணத்துக்குப் போவது போலவே வாருங்கள். காலியாகக் கொண்டுவந்தால் எடைபோட்டுப் பயனில்லை.