மடத்துத் துறவி ஆயரானால்

கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்களை (பிஷப்புகளை)ப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், "காலமெல்லாம் மடத்துக்குள் இருந்தவருக்குத் தோட்டத்து லயத்து மக்களின் பாடு எப்படித் தெரியும்?" என்று மலேசியாவில் எங்கள் தெலுக் இந்தான் வட்டாரத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். பால்மரத் தோட்டங்களில் பிறந்து, செம்பனைக் காலத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனாலும் நான் அதை ஏற்பதில்லை. மடத்து வாழ்க்கையை முறையாக வாழ்ந்த ஒருவரே துன்பப்படுகிறவனின் பேச்சைக் கடைசிவரை கேட்கும் பொறுமையைப் பெற்றிருப்பார் என்று நம்புகிறேன். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராக இருந்த கர்தினால் பேசில் ஹியூமின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை உறுதிப்பட்டது.

1923இல் நியூகாசல் நகரில் பிறந்தவர் அவர். தந்தை புரோட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்த இதய மருத்துவர்; தாய் பிரெஞ்சு நாட்டுக் கத்தோலிக்கர். ஜார்ஜ் என்ற பெயருடன் 1941இல், பதினெட்டு வயதில், ஆம்பிள்ஃபோர்த் என்னும் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபை மடத்தில் சேர்ந்து, பேசில் என்ற துறவுப் பெயரைப் பெற்றார். 1950இல் குருப்பட்டம் பெற்று, மடத்துப் பள்ளியில் மொழிப்பாடங்களும் ரக்பி ஆட்டமும் கற்றுக்கொடுத்தார். 1963இல் சக துறவிகள் அவரை மடாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1976இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைப் பேராயராக நியமித்தபோது, அதற்குமுன் ஒரு மறைமாவட்டத்தையும் நிர்வகித்திராத ஒரு துறவிக்கா இவ்வளவு பெரிய பொறுப்பு என்று பலரும் வியந்தார்கள். அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட அன்று மாலையே, தம் மடத்துத் துறவிகளை ஆங்கிலிக்கன் சபையின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்ற கோவிலுக்கு அழைத்துச் சென்று மாலைச் செபத்தைப் பாடவைத்தார். சமயச் சீர்திருத்தக் காலத்துக்கு முன்பு ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் நூற்றாண்டுக்கணக்கில் செபித்த இடம் அது. கத்தோலிக்கருக்கும் ஆங்கிலிக்கருக்கும் இடையே இருந்த பழைய பகைக்கு அவர் அளித்த முதல் பதில் ஒரு பிரசங்கமாக இல்லாமல் செபமாக இருந்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்குநூலின் மூன்றாம் அதிகாரம், மடத்தில் முக்கியமான முடிவு எடுக்கும்போது எல்லாரையும் அழைத்துக் கேட்கவேண்டும் என்றும், இளையவருக்கே ஆண்டவர் பல வேளைகளில் நல்லதை உணர்த்துகிறார் என்றும் சொல்கிறது. பதின்மூன்று ஆண்டுகள் மடாதிபதியாக இருந்தவருக்கு இது நாள்தோறும் பழகவேண்டிய பழக்கமாக இருந்திருக்கும்.

அந்தப் பழக்கத்தின் பலன் சிறைச்சாலையில் தெரிந்தது. 1974இல் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு நகரில் ஐரிஷ் தீவிரவாதிகள் வைத்த குண்டு வெடித்ததை அடுத்துக் கைதான ஜெரி கான்லன் என்ற ஐரிஷ் இளைஞருக்கு வழக்கறிஞர் வைக்க, பெல்ஃபாஸ்டிலிருந்து லண்டன் வந்த அவருடைய தந்தை ஜூசெப்பே கான்லனும் பிடிபட்டு, வெடிமருந்து வைத்திருந்ததாகத் தண்டிக்கப்பட்டார். நோயாளியான அந்த மனிதரை ஹியூம் சிறையில் சென்று சந்தித்தார். பேசிப் பார்த்து, இவர் குற்றமற்றவர் என்று மனத்தில் உறுதிகொண்டார். ஐரிஷ்காரர் என்றாலே வெறுப்பு கிளம்பிய காலம் அது. 1980இல் ஜூசெப்பே சிறைவாசியாகவே இறந்த பிறகும் கர்தினால் அந்த வழக்கை விடவில்லை. வெறும் இரக்கத்தால் நீதிமன்றம் அசையாது என்று அறிந்தவராக, ஆதாரங்களைத் திரட்டி, ஓய்வுபெற்ற உயர் நீதிபதிகளான டெவ்லின், ஸ்கார்மன் ஆகியோரையும், முன்னாள் உள்துறை அமைச்சர்கள் இருவரையும் உடன் அழைத்துக்கொண்டு 1987இல் உள்துறை அமைச்சரிடம் முறையிட்டார். குண்டுவெடிப்பு வழக்கில் தவறாகத் தண்டிக்கப்பட்டிருந்த ஜெரியும் மற்ற மூவரும் 1989 அக்டோபரில் விடுதலையானார்கள். தந்தையின் மீதான தீர்ப்பு 1991இல் ரத்தானது. ஒரு சிறைச் சந்திப்பைப் பத்தாண்டுகளுக்கும் மேலாக மனத்தில் சுமந்த இந்த விடாப்பிடி, ஒரே மடத்தில் நிலைத்திருப்பேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவருக்கே உரியது என்பேன்.

அவருடைய புகழைப் பாடும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. மடாதிபதியாக இருந்தபோது, துறவி ஒருவர் பள்ளிச் சிறுவர்களிடம் தகாத முறையில் நடந்தது தெரியவந்தும், ஹியூம் காவல்துறையிடம் செல்லவில்லை என்ற குற்றச்சாட்டை 2005இல் ஆங்கிலப் பத்திரிகைகள் வெளியிட்டன. அந்தத் துறவி பின்னர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். கைதியின் குரலைக் கேட்ட காதுக்குத் தம் மடத்துப் பிள்ளைகளின் குரல் எட்டாமல் போயிருந்தால், அது சிறிய குறையல்ல. அவரை மதிப்பவன் என்பதாலேயே இதை வலியுடன் சொல்கிறேன்: ஆயரின் பெருமையைக் காக்கும் பேச்சில் பிள்ளைகள் காணாமல் போகக்கூடாது.

தெருவில் உறங்கியவர்களுக்கென 1980இல் பகல்நேர மையமும், வீடற்ற இளைஞர்களுக்கென 1986இல் இன்னொரு மையமும் அவருடைய முயற்சியில் தொடங்கின. 1999 ஏப்ரலில் தமக்குக் குணப்படுத்தமுடியாத புற்றுநோய் என்று குருக்களுக்கு எழுதிய மடலில், ஆயத்தப்பட நேரம் கிடைத்ததை ஓர் அருளாகக் குறிப்பிட்டார். ஜூன் 17ஆம் நாள் இறந்தார்.

இங்கே நாம் ஒரு ஆயரை எதைக்கொண்டு அளக்கிறோம்? புதிய கோவில், திருநாள் கூட்டம், தேர் அலங்காரம் ஆகியவற்றைக்கொண்டுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மலிவுவிலை அடுக்ககங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களில், பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ சரியாக இல்லாமல் பள்ளிக்கும் வேலைக்கும் அல்லாடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பிள்ளை தடுப்புக்காவலில் இருக்க, யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள். இவர்களில் எத்தனை பேருடைய கதையை ஆயர் நேரில் கேட்டிருக்கிறார், அதற்குப் பின் எதைத் தொடர்ந்து செய்தார் என்பதே என் அளவுகோல். ஆயரிடம் இதைக் கேட்கும் முன்பு எங்கள் கோவில் பங்கிலும் அதற்கு இடம் வேண்டும். ஆகவே, அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில், ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரு மேசையும், படிவங்களை நிரப்பவும் வழக்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளவும் தெரிந்த இரண்டு பேரும் வேண்டும் என்று முன்மொழியப் போகிறேன். மலாய் மொழியில் கடிதம் எழுதத் தெரிந்தவர்களும், சட்டம் படித்த நம் பிள்ளைகளும் முன்வந்தால், கருத்துப் பெட்டியில் பெயரைத் தெரிவிக்கவும்.