சேற்றைச் சேறாகவே விட்டுவையுங்கள்

கொழும்பில் இலையுதிர்காலம் ஏது, பனிக்காலம் ஏது? ஐப்பசியில் பின்னேர இடிமழை, மார்கழி தையில் விடியற்காலைக் குளிர், அவ்வளவுதான் நமக்கு வாய்த்தது. ஆனாலும் சைபீரியாவில் குளிர் இறங்கிவிட்டதைத் தெஹிவளையில் நின்றே சொல்லிவிடலாம். கேபிள் கம்பியில் பழுப்புக் கீச்சான் வந்து உட்கார்ந்து கரகரத்த குரலில் கத்தத் தொடங்கும். புல்வெளிக்கு மேலே தகைவிலான்களும் நீலவால் பஞ்சுருட்டான்களும் பூச்சி பிடிக்கும். மரம் அடர்ந்த வளவென்றால் ஆறுமணிக்குருவியும் வரும். இருட்டும் நேரம் இரட்டை விசில் கேட்டால் அதுதான்.

மார்ச், ஏப்ரல் வரை இவை நம்மோடுதான். வலசைப் பறவைகள் வந்துபோகும் மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் தெற்கு முனையில் இருக்கிறது இலங்கை. இதற்கு நேர் தெற்கே அந்தாட்டிக்கா வரை கடல்தான். இங்கே இடம் சரியில்லை, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம் என்று ஒரு பறவை கிளம்ப முடியாது.

போன கிழமை அத்திடிய சதுப்புப் பக்கம் ஓர் ஊசிவால் உள்ளானைப் பார்த்தேன். வரம்பில் இருந்து நாலைந்து எட்டுத் தூரம். முதுகில் வைக்கோல் நிறக் கோடுகள். அசையாமல் நின்றிருந்தால் காய்ந்த புல் என்றே நினைத்திருப்பேன். தலையைவிட நீளமான அலகைச் சேற்றுக்குள் அடிவரை இறக்கி, தையல் மெஷின் ஊசி போல விடாமல் குத்திக்கொண்டிருந்தது. அலகின் நுனிக்குத் தொடு உணர்வு அதிகம். புழு தட்டுப்பட்டால் அலகை வெளியே எடுக்காமலே நுனியை மட்டும் திறந்து கவ்விவிடும். கண்கள் தலையின் பின்பக்கமாக ஏறி இருப்பதால், அலகு மண்ணுக்குள் இருக்கும்போதே மேலே வட்டமிடும் பருந்தையும் கவனித்துக்கொள்ளும். நான் கால் மாற்றி வைத்தேனோ இல்லையோ, கரகரவென்று ஒரு சத்தம், வளைந்து வளைந்து பறந்து கோரைக்குள் மறைந்துவிட்டது.

இவ்வளவு தூரம் பறந்து வந்த பறவைக்கு வேண்டியது அலகு இறங்கும் அளவுக்கு இளகிய சேறு. பொரி உள்ளானுக்கு விரலளவு தண்ணீர் நிற்கும் ஓரம். அதைத்தான் நாம் விட்டுவைக்க மாட்டேன் என்கிறோம்.

ஒரு குளத்தையோ கால்வாயையோ அழகுபடுத்தப் போனால் முதலில் போவது ஓரம்தான். தோண்டி ஆழமாக்கி, கரையைக் கல்லடுக்கி நிமிர்த்தி, மேலே நடைபாதையும் விளக்கும் போட்டு முடிப்பார்கள். காலையில் நடக்க நன்றாகத்தான் இருக்கிறது, நானும் நடப்பவன்தான். அந்தக் கரையில் நீர்க்காகம் சிறகு உலர்த்தும், கொக்கும் நிற்கும். உள்ளானுக்குக் கால் வைக்க ஓர் அங்குலம் கிடையாது. பெத்தகான ஈரநிலப் பூங்காவிலும் தலவத்துகொட தியசறு பூங்காவிலும் மக்கள் நடக்கவும் வழி இருக்கிறது, கோரையும் சதுப்பும் பிழைத்திருக்கின்றன. அப்படியானால் மற்ற இடங்களில் ஏன் முடியாது?

விட்டுவையுங்கள் என்றால் கைகழுவிவிடுங்கள் என்று அர்த்தமில்லை. பெல்லன்வில அத்திடிய 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 372 ஹெக்டேயர். அதற்குள் கைவிட்ட வயல்கள் நிறைய. உழவு நின்ற வயலில் புல் ஏறும். கொழும்புச் சதுப்புகளில் பல இடங்களில் வெல் ஆத்தா என்கிற காட்டு அன்னமுன்னா காடாகவே வளர்ந்து நிற்கிறது. வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துவிடும். திறந்த சேறு அப்படியும் போய்விடும். அதனால் செடியை வெட்டி, தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆளும் காசும் வேண்டும். என்னைக் கேட்டால் விளக்குக் கம்பத்துக்கு முன்னால் அதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

பறவைக்காக மட்டும் சொல்லவில்லை. 2010 நவம்பர் வெள்ளத்தில் தியவன்னா ஏரியின் நடுவில் இருக்கும் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது ஞாபகம் இருக்கும். மழைத்தண்ணீரைத் தாங்கி வைத்து மெல்ல விடுவது இந்தச் சதுப்புகள்தான். 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று முதன்முதலாக அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு இன்னமும் "சும்மா கிடக்கிற காணி" என்று பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. சதுப்பை நிரப்ப ராத்திரியோடு ராத்திரியாக மண் லொறி வந்து போவதைப் பார்த்தால் பேசாமல் இருக்காதீர்கள், படம் எடுத்து முறையிடுங்கள்.

அப்புறம் ஒன்று. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பிள்ளைகளுக்கு ட்யூஷன் இல்லாத ஒரு ஞாயிறு காலையாவது கிடைக்க வேண்டும். அத்திடியவுக்கு வெள்ளவத்தையில் இருந்து ஓட்டோவில் போய்விடலாம். ஆறரைக்கு முன்னால் போய்ச் சேருங்கள், எட்டரைக்குப் பிறகு வெயில் ஏறிவிடும். கடும் நிற உடுப்பு வேண்டாம், தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் போதும். தொலைநோக்கி இல்லாவிட்டால் பரவாயில்லை, என்னிடம் உபரியாக ஒன்று இருக்கிறது. ஜனவரி முடிவதற்குள் வர விரும்புபவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், பிள்ளைகளோடு வந்தால் இன்னும் சந்தோஷம்.