விறகு என்று சொன்னவருக்கு

சனிக்கிழமை என்ன நடந்தது என்று இங்கே பலருக்கும் தெரியும். வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. வாசித்துக்கொண்டிருந்த ஒரு தம்பியின் எலக்ட்ரிக் கிட்டாரை ஒருவர் கையில் வாங்கி, பின்பக்கம் திருப்பி, விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இது விறகுப்பா" என்று, மரம் மட்டம், அதனால் சத்தமும் மட்டம் என்கிற அர்த்தத்தில் சொன்னாரே, அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. மூன்று நாளாக அது என் மண்டைக்குள்ளேயே நிற்கிறது.

அவர் பெயரைப் போடமாட்டேன். தெரிந்தவர்தான். கிட்டார் என்றால் உயிர். அவரிடம் உள்ள கலெக்ஷனைப் பார்த்து நானே பலமுறை வாய்பிளந்து நின்றிருக்கிறேன். ஆனால் அன்றைக்குச் சிரித்தவர்களில் என் நண்பர்களும் இருந்தார்கள். அதுதான் கூடுதலாக வலிக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மரத்துக்கு விலை உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விலை சத்தத்துக்கான விலை இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியதால்தான் ஒரு 19 வயதுப் பையன் தலையைக் குனிந்துகொண்டு கிட்டாரை உறைக்குள் வைக்க வேண்டியதாயிற்று.

எலக்ட்ரிக் கிட்டார் எப்படிச் சத்தம் போடுகிறது? பிக்கப் என்பது காந்தம். அதைச் சுற்றித் தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். மேலே எஃகு ஸ்ட்ரிங் அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது, செம்புக்கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம்தான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. பிக்கப்புக்குக் காது கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இரும்பு ஒன்றுதான். நீங்கள் தட்டிக் காதால் கேட்ட மரச்சத்தம் நேராக அந்த ஒயருக்குள் போகாது, சார்.

வால்யூமைக் கூட்டிக் குறைக்கும் பாட் என்ற மின்தடை 250 கே-வா 500 கே-வா என்பதில் சத்தம் மாறும். டோன் கெப்பாசிட்டரில் மாறும். கேபிள் நீண்டால் மேல் ஸ்தாயி மங்கும். ஸ்பீக்கரை மாற்றினால் கிட்டாரையே மாற்றியது போல ஆகிவிடும். பிக்கப்பின் ஓரத்தில் இருக்கும் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் திருப்பினாலே வித்தியாசம் தெரியும். தம்பியின் கிட்டாரில், ஸ்ட்ரிங்கின் கீழ்முனைப் பக்கம் இருக்கும் பிரிட்ஜ் பிக்கப் ஸ்ட்ரிங்கை விட்டு வெகுதூரம் கீழே இறங்கிக் கிடந்தது. சத்தம் ஒல்லியாக வந்ததற்கு அதுதான் காரணம். வீடியோவை நிறுத்திப் பாருங்கள், தெரியும். முதுகைத் தட்டியவர் முகத்தைப் பார்க்கவில்லை.

உடனே ஒருவர் கேட்பார் என்று தெரியும். நேற்று போனிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். "தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம்தான் வேண்டும் என்கிறார்கள், நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு ஆச்சாமரம்தான் வேண்டும் என்கிறார்கள், கிட்டாருக்கு மட்டும் மரம் வேண்டாமா?" நியாயமான கேள்வி. வீணையில் தந்தியின் அதிர்வை வாங்கிக் காற்றைத் தள்ளுவதே மரம்தான். குடத்தைக் குடைந்து எடுப்பதே அதற்குத்தான். மரம் மாறினால் நாதம் மாறும், சந்தேகமே இல்லை. அக்குஸ்டிக் கிட்டாரும் அப்படித்தான். எலக்ட்ரிக் கிட்டாரில் காற்றைத் தள்ளுவது ஸ்பீக்கர். மரத்தின் முக்கிய வேலை ஸ்ட்ரிங்கை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நிற்பது. அவ்வளவுதான்.

எனக்கு மரம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். நான் தச்சர் வீட்டுப் பிள்ளை.

1997-ல் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்தார்கள். அந்த வீட்டின் தேக்கு நிலையை அப்பா விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார். அதே சமயம் ஒரு மெல்லிசைக் குழுவின் கிட்டாரிஸ்ட் வேனிலிருந்து தன் கிட்டாரைக் கீழே போட்டு உடைத்துவிட்டார். நெக்கும் பிக்கப்பும் மட்டும் பிழைத்தன. அதை 400 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு வந்து அப்பா முன்னால் வைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. உடைந்த பாடியை நியூஸ்பேப்பரில் ஒட்டவைத்து வரைந்துகொண்டார். நிலைக்காலை மூன்று துண்டாக அறுத்து, ஃபெவிகால் போட்டு ஒட்டி, இரவு முழுக்க கிளாம்ப்பில் இறுக்கி வைத்தார். பதினோரு நாள். இழைப்புளி ஓட்டும்போது நூறு வருஷத் தேக்கு வாசனை திண்ணை வரைக்கும் வந்தது. தாழ்ப்பாள் இறங்கும் துளை ஒன்று பாடியின் கீழ்மூலையில் மாட்டிக்கொண்டது. அதை அடைத்துத் தேய்த்து எவ்வளவோ மறைத்துப் பார்த்தார், ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டமாகத் தெரிந்துகொண்டேதான் இருந்தது. ஐந்து கிலோவுக்கு மேல் கனம். ஆறு வருஷம் திருவிழா மேடைகளில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசித்தேன். ஒருத்தர்கூடச் சத்தம் சரியில்லை என்று சொன்னதில்லை.

2003-ல் ஃப்ரெட் (நெக்கின் மேல் இருக்கும் உலோகக் கட்டைகள்) தேய்ந்துபோனது என்று சென்னையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கண் பரிசோதனைக்காக அப்பாவும் வந்திருந்தார், கூடவே கடைக்கும் வந்தார். கவுன்ட்டரில் இருந்தவர் உறையைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "கதவைத் தூக்கிட்டு வந்திருக்காருப்பா" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. மகோகனி, மேப்பிள் என்று எனக்குப் பாடம் எடுத்தார். அப்பா மஞ்சள் பையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், வெகுநேரம் கழித்து, "மரம் சரியில்லையாப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

நாற்பது வருஷம் மரம் தொட்ட மனுஷன். அவரை அப்படிக் கேட்கவைத்த சொல்லின் தம்பிதான் இந்த "விறகு".

நான் என்ன செய்தேன்? கடன் வாங்கி ஒரு மகோகனி கிட்டார் வாங்கினேன். சத்தம் நன்றாகத்தான் இருந்தது, மரம்தான் காரணம் என்று நம்பினேன். 2011-ல் ஒரு நாள், அந்தக் கிட்டாரின் பிக்கப், பாட், ஒயர் எல்லாவற்றையும் கழற்றி அப்பா செய்ததில் போட்டேன். அதே ஸ்ட்ரிங் கனம், அதே உயரம், அதே ஆம்ப், அதே வாசிப்பு. இரண்டையும் பதிவு செய்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எது எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்பாவிடம் சொல்லலாம் என்றால் அவர் அதற்கு முன்னாலேயே போய்விட்டார்.

"உன் வீட்டுச் சோதனை ஒரு ஆதாரமா?" என்று கேட்கலாம். சரி, விடுங்கள். நாஷ்வில் கிட்டாரிஸ்ட் ஒருவர் பாடியே இல்லாமல், அசையாத இரண்டு பிடிமானங்களுக்கு நடுவே ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டி, கீழே பிக்கப்பை வைத்து வாசித்துக் காட்டியதை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். நம் குரூப்பிலேயே பகிர்ந்திருக்கிறோம். பார்த்துவிட்டு மறுநாளே மறந்துவிடுகிறோம்.

இப்போது விலைக்கு வருகிறேன். 1958 முதல் 1960 வரை வந்த, மரவரி தெரியும்படி சன்பர்ஸ்ட் வண்ணம் பூசிய கிப்ஸன் கம்பெனியின் லெஸ் பால் கிட்டார் பல லட்சம் டாலருக்குப் போகிறது. "அந்தக் காலத்து ஹோண்டுராஸ் மகோகனி, அதனால்தான்" என்று அந்தக் கலெக்ஷன்காரர் சனிக்கிழமையும் சொன்னார். அப்படியானால் அதே லெஸ் பாலின் 1957 கோல்ட்டாப்பை என்ன செய்வது? அதே மகோகனி பாடி, அதே மேப்பிள் மேல்பலகை, அதே பிரேசிலியன் ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு, 1957-லேயே வந்துவிட்ட அதே பி.ஏ.எஃப். ஹம்பக்கர் பிக்கப். மேலே பூசியது தங்க வண்ணம், அதுதான் முக்கியமான வித்தியாசம். ஆனால் பர்ஸ்ட்டின் விலையைக் கிட்டக்கூட நெருங்காது. மேப்பிளின் வரிகள் வெளியே தெரிவதற்குக் கொடுக்கும் பணம் அது. கண்ணுக்கான விலை. காதுக்கு இல்லை.

இன்னொன்று. அந்த பர்ஸ்ட் வந்த காலத்தில் விற்கவில்லை. 1960-ன் கடைசியில் அந்த வடிவத்தையே கிப்ஸன் நிறுத்திவிட்டு, இப்போது நாம் எஸ்.ஜி. என்று சொல்லும் மெல்லிய பாடிக்குப் போனார்கள். எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன், மைக் ப்ளூம்ஃபீல்ட் போன்ற பெரிய கிட்டாரிஸ்ட்கள் கையில் எடுத்த பிறகுதான் எல்லாருக்கும் அது வேண்டும் என்று ஆனது. மரம் அதே மரம்தானே? வாசித்த கைதான் மாறியது.

ஃபெண்டர் கம்பெனியில் 1956 வாக்கில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் ஆஷ் மரத்திலிருந்து ஆல்டருக்கு மாறியதும் ஏதோ நாத ஆராய்ச்சி செய்து மாறியது போலப் பேசுகிறோம். ஆஷில் துவாரம் அதிகம், அடைத்துத்தான் வண்ணம் பூச வேண்டும். ஆல்டருக்கு அந்த வேலை குறைவு, எளிதாகவும் கிடைத்தது. தச்சுப் பட்டறையில் தினமும் எடுக்கிற முடிவு அது, என் அப்பாவே நூறு தடவை எடுத்திருப்பார். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39.75 லட்சம் டாலருக்குப் போனது. அதில் நெக்கே பலமுறை மாற்றப்பட்டிருக்கிறது. எந்த மரத்துக்கு அந்தப் பணம்?

குயீன் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே கதை எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் சொல்வேன். 1963-ல் அப்பாவும் பிள்ளையும் வீட்டில் உட்கார்ந்து செய்ய ஆரம்பித்த கிட்டார். நெக், பழைய கணப்படுப்பின் மகோகனிச் சட்டம். பாடியில் பழைய மேசையின் ஓக். நெக்கில் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். ஃபிங்கர்போர்டின் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த பொத்தான்கள். அதை யாராவது கையில் வாங்கித் தட்டி, விறகு என்று சொல்வார்களா? லண்டனில் ஓர் அப்பா செய்தால் சரித்திரம், கும்பகோணத்தில் ஓர் அப்பா செய்தால் கதவு.

கோபத்தில் நியாயத்தை விட்டுவிடக் கூடாது, அதனால் இதையும் சொல்கிறேன். மரம் ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. நெக் எந்த இடத்தில் ஸ்ட்ரிங்கோடு சேர்ந்து ஆடுகிறதோ அங்கே ஸ்ட்ரிங்கின் சக்தியை அது குடித்துவிடும், அந்த ஸ்வரம் சட்டென்று அடங்கும். நாம் டெட் ஸ்பாட் என்கிறோமே, அதுதான். ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர் தொண்ணூறுகளிலேயே இதை அளந்து காட்டியிருக்கிறார். கனமும் முக்கியம், தோளைக் கேளுங்கள். ஆனால் ஒரே மேப்பிளில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு நெக் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். அதை வாசித்துத்தான் கண்டுபிடிக்க முடியும், மரத்தின் பெயரைக் கேட்டு இல்லை.

அப்புறம், சனிக்கிழமை அன்றைக்கே அவர் இன்னொரு கிட்டாரைப் பார்த்து, "பிரேசிலியன் இல்லை, வெறும் இந்தியன் ரோஸ்வுட்தான்" என்றாரே, அதையும் என்னால் விட முடியவில்லை. வெறும் இந்தியன் என்றால் என்ன? நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. தோதகத்தி. பிரேசிலியன் 1992-ல் சர்வதேச வணிகத்துக்கே தடையான பட்டியலுக்குப் போய்விட்டது, கிடைக்காததால் விலை ஏறியது. ஆனால் அறுபதுகளின் நடுப்பகுதியிலிருந்தே அமெரிக்கக் கம்பெனிகள் ஈட்டிக்குத்தான் மாறின. உலகத்தில் எத்தனை பேர் விரலுக்கு அடியில் நம் மலைமரம் இருக்கிறது! 2017-ல் ஈட்டியும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வந்தது, செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-ல் விலக்குக் கொடுத்தார்கள். அப்பா ஈட்டியில் வேலை செய்யும் நாளில் தூளைக்கூடக் கூட்டித் தள்ளமாட்டார், கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பார். அந்த மரத்துக்கு முன்னால் "வெறும்" என்று போட எப்படி மனசு வருகிறது?

"ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பெரிய பதிவா, அவர் விளையாட்டுக்குச் சொன்னார்" என்று எழுதத்தான் போகிறீர்கள். எழுதுங்கள். அந்தக் கவுன்ட்டர்காரரும் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் அப்பாவின் கிட்டாரை மேடைக்கு எடுத்துப் போகவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து, ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அப்பா புதுக் கிட்டாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்ல மரம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் அதற்கு ஒரு பதிலும் சொல்லவில்லை.

கலெக்ஷன் வையுங்கள். பர்ஸ்ட் வாங்குங்கள், பிரேசிலியன் வாங்குங்கள், சந்தோஷமாகப் பாருங்கள், நானும் வந்து பார்க்கிறேன். ஆனால் ஒருத்தன் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவன் கிட்டாரைத் தட்டிப் பார்க்காதீர்கள்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று நினைக்கிறேன். உன் ஜி ஸ்ட்ரிங் ட்யூன் பண்ணும்போது டிங் என்று ஒரு சத்தத்தோடு தாவுகிறது, கவனித்தாயா? நட்டில், அதாவது நெக்கின் மேல்முனையில் ஸ்ட்ரிங் உட்காரும் பட்டையில், அந்தக் காடி இறுக்கமாக இருக்கிறது. பென்சில் கரியை அதில் தேய்த்துப் பார். சரியாகவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. அப்பாவின் சின்ன அரம் என்னிடம் இருக்கிறது, பத்து நிமிஷ வேலை. பிக்கப்பையும் தூக்கி வைத்துவிடலாம்.