ஓசி யார் என்று பேசுவோமா?

இன்று காலை எட்டேகால், சென்னை வேளச்சேரி. நிழற்குடைக்கு முன்னால், சரியாக பஸ் வந்து நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கார். உள்ளே ஆள் இல்லை. அதனால் பஸ் நடுச்சாலையில் நிற்கிறது, நாங்கள் இருபது முப்பது பேர் மழைத்தண்ணீரில் செருப்பை இழுத்துக்கொண்டு ஓடுகிறோம், ஒரு பாட்டி கம்பியைப் பிடித்துப் படி ஏறுவதற்குள் பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடிக்கிறது. கண்ணாடியை இறக்கி அந்தக் காரின் ஓட்டுநர் சொன்னது: "ஓசி பஸ்ஸை நடுரோட்டுல நிறுத்தி உயிரை வாங்கறாங்க."

பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அது 'ஓசி' பஸ்ஸாம். அந்த வெள்ளைக் காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது கண்ணிலேயே படவில்லை போல.

சரி, ஓசிக் கணக்கையே பார்ப்போம். ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், நகரத்தின் நடுவில் பொது இடம். அதில் நாள் முழுக்க வண்டியை நிறுத்த அந்தப் புண்ணியவான் கொடுத்த வாடகை எவ்வளவு? "நாங்க ரோடு டாக்ஸ் கட்றோம்" என்பார்கள். கார் வாங்கும்போது ஒரே தடவை கட்டிய ஆயுட்கால வரி ஐயா அது, தெருவோரத்துக்குப் பட்டா இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் சுங்கம் வசூலித்த காலத்தில் இதே ஆட்கள் போட்ட கூச்சல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2021-இல் பெருங்குடி உட்பட நான்கு சாவடிகளை எடுத்தபோது யாரும் 'ஓசி ரோடு' என்று சொல்லவில்லை.

அடுத்தது நஷ்டம். பஸ் என்றாலே நஷ்டம். ஜெமினி மேம்பாலம் 1973-இல் திறந்தது, இத்தனை வருடத்தில் அது எத்தனை ரூபாய் லாபம் காட்டியது? கத்திப்பாரா மேம்பாலத்தின் வரவு செலவு என்ன? யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அது 'வளர்ச்சி'. பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021-இல் கொண்டுவந்தபோதும், அந்தத் தொகையை அரசே போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. அந்த அரசுப் பணத்தில் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் அந்தப் பெண்கள் கட்டும் வரியும் இருக்கிறது.

எங்கள் தெருவில் பூ விற்கும் அக்கா கோயம்பேட்டிலிருந்து பூ வாங்கி வருவார். முன்பெல்லாம் அடுத்த ஸ்டேஜ் வந்தால் டிக்கெட் ஏறும் என்று ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வருவாராம். இப்போது பெண்களுக்குக் கட்டணமில்லாத வெள்ளை போர்டு பஸ்ஸில் வீட்டுப் பக்கமே இறங்குகிறார். அந்த ஒரு நிறுத்தத்து நடை மிச்சமானதுதான் சிலருக்கு வயிறு எரிகிறது.

"கூட்டமா இருக்கு, லேட்டா வருது, யார் ஏறுவா?" இது நியாயமான புகார், நானே தினமும் திட்டுகிறேன். ஒரு கோடிப் பேர் புழங்கும் ஊருக்கு மூவாயிரத்துச் சொச்சம் பஸ் என்றால் கூட்டம் இல்லாமல் என்ன இருக்கும்? பெங்களூரில் ஆறாயிரத்துக்கு மேல் ஓடுகிறது. ஆனால் கூட்டத்தைக் காட்டி பஸ்ஸே வேண்டாம் என்பது, ரேஷன் கடையில் வரிசை நீளம் என்பதற்காகக் கடையை மூடச் சொல்வது போல. இருக்கிற பஸ்ஸும் நேரத்துக்கு வராததற்கு முக்கியக் காரணம், அதன் முன்னால் ஆளுக்கு ஒரு கார் எடுத்துக்கொண்டு நிற்கும் நீங்கள்தான். இரண்டு மூன்று கார் நிற்கும் இடத்தில் ஒரு பஸ் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போகும்.

"அதான் மெட்ரோ வருதே" என்று ஒருவர் வருவார். வரட்டும், நல்லதுதான், நானும் போவேன். ஆனால் மெட்ரோ என் தெருமுனைக்கு வராது, ஸ்டேஷனில் இறங்கியபின் வீடு வரைக்கும் எப்படிப் போவது, ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்தா? இந்த வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் நீட்டிப்பு, 2008-இல் ஆரம்பித்தது, நில வழக்கில் சிக்கிப் பதினைந்து வருடத்துக்கு மேல் தூணாகவே நின்றது. அத்தனை வருடமும் அந்தப் பக்கத்து ஜனங்களைச் சுமந்தது இந்த 'நஷ்ட' பஸ்தான்.

நாளைக்கும் எட்டேகாலுக்கு அங்கேதான் நிற்பேன். அந்த வெள்ளைக் காரின் சொந்தக்காரர் இதைப் படித்தால், தயவுசெய்து எட்டு மணிக்குள் வண்டியை எடுத்துத் தொலையுங்கள்.