அமெண்டா ஏன் வீட்டை விட்டுப் போனாள்?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நம்ம கம்பத்துத் தம்பி ஜிடிஏ 5 வீடியோ கேமை லைவில் ஆடிக்கொண்டே பேசினதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் சொந்தக்காரர்கள் குழுவில் மட்டும் நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். கேமின் நாயகர்களில் ஒருத்தனான மைக்கேல் வீட்டுக்கு வருகிறான், வீடு காலி, பொண்டாட்டி அமெண்டா எழுதிவைத்த கடிதம் கிடக்கிறது. உடனே தம்பி, "காசு கரைஞ்சா பொண்டாட்டியும் கரைஞ்சிருவா மக்களே!"

தம்பி, அதுவரைக்கும் நடந்ததைப் பார்த்தீங்களா, இல்லை சுட்டுக்கிட்டே வந்தீங்களா?

அமெண்டா காசுக்காகப் போகவில்லை. மைக்கேல் கொள்ளைக்காரன் என்று தெரிந்தேதான் குடும்பம் நடத்தினாள். 2004-ல் அவன் செத்த மாதிரி நாடகமாடி, டவுன்லி என்ற பேரை டி சாண்டா என்று மாற்றிக்கொண்டபோது, அவளும் அந்தப் பொய்ப் பேருக்குள் வந்து லாஸ் சாண்டோஸில் குடியேறினாள். பழைய தொழிலை விட்டாயிற்று என்று நம்பித்தான் வந்தாள். அப்புறம்? அமெண்டாவோடு கையும் களவுமாகப் பிடிபட்ட டென்னிஸ் வாத்தியாரைத் துரத்திப்போய், மாடி முகப்பைத் தாங்கும் தூணில் கம்பியை மாட்டி வண்டியால் இழுத்து ஒரு வீட்டையே சரிக்கிறான். பார்த்தால் அது கடத்தல் தலைவன் மட்ராசோவுடைய காதலி வீடு. 25 லட்சம் டாலர் தண்டம். அதைக் கட்ட நகைக்கடைக் கொள்ளை. வீட்டில் இருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்டானா?

"அந்த டென்னிஸ் வாத்தியார் சமாச்சாரம்?" என்று வருவீர்கள். தப்புதான். மைக்கேல் மட்டும் ராமனா? சரி, விடுங்கள்.

காசுக்காகப் போனவள் காசு வந்த பிறகுதானே திரும்பணும்? கடைசிப் பெரிய கொள்ளைக்கு முன்னாடியே வந்துவிட்டாள். காசுக்காகப் போகவில்லை என்று இன்னும் எத்தனை தடவை சொல்ல?

"விளையாட்டுக்குப் போய் இவ்வளவு கோபமா அக்கா?" என்கிறவர்களுக்கு: விளையாட்டுக்குத்தான் சொன்னார், எனக்குத்தான் விளையாட்டாகப் படவில்லை.

எங்கள் வீட்டுக்காரருக்குக் குமுளியில் ஏலக்காய் வியாபாரம். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது. இன்னும் ஏறும் என்று வாங்கி அடுக்கினார். இறங்கிவிட்டது. அதற்கு நான் முகம் சுளித்ததுகூட இல்லை. காய் வியாபாரம் அப்படித்தான்.

ஒருநாள் துவைக்க எடுத்த சட்டைப் பையில் நாலாக மடித்த அடகுச் சீட்டு. சீட்டிலும் காய் வாசம். ஆறரைப் பவுன் ஆரம், ஒரு ஜோடி வளையல். தேதியைப் பார்த்தால் பதினொரு மாசத்துக்கு முந்தி. அந்தப் பதினொரு மாசமும், விசேஷத்துக்குக் கிளம்பும்போதெல்லாம், "நகை லாக்கர்லயே இருக்கட்டும், காலம் கெட்டுக் கிடக்கு" என்று அக்கறையாகச் சொன்ன மனுஷன் இவர். கேட்டிருந்தால் நானே கழற்றிக் கொடுத்திருப்பேன். கேட்கவே இல்லையே.

பையைத் தூக்கிக்கொண்டு லோயர் கேம்ப் வளைவுகளில் இறங்கி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். நாலு மாசம். "கழுத்துல கிடந்தது போச்சு, இவளும் போயிட்டா" என்று ஒரு மதினி ஊர் முழுக்கச் சொன்னார். அதே மதினிதான் தம்பி வீடியோவுக்கு முதல் ஆளாக இதயக் குறி போட்டிருக்கிறார்.

"அவர் குடும்பத்துக்காகத்தானே மறைச்சார்?" இதையும் கேட்டாயிற்று, என் அம்மா வாயாலேயே. மைக்கேலும் குடும்பத்துக்காக என்றுதான் சொல்லிக்கொள்கிறான்.

2022-ல் காய் ஆயிரத்துக்கும் கீழே கிடந்தபோது அவர் வந்தார். சாப்பிடக்கூட உட்காரவில்லை. அம்மாவின் தையல் மிஷின் பலகை மேல் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எட்டு. அதில் ஏழு நான் கண்ணால் பார்க்காதவை. எட்டையும் படித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் கூடவே மலை ஏறினேன். ஆரம் இன்னும் மீளவில்லை.

தம்பி, காபிக் கடையில் அமெண்டாவோடு இருக்கிற யோகா வாத்தியார் மண்டையில் மைக்கேல் லேப்டாப்பை உடைப்பானே, அமெண்டா திரும்பி வருகிற இடம், அதையும் லைவில் ஆடுங்கள். மதினிக்கு லிங்க் அனுப்ப மறந்துவிடாதீர்கள்.